கரையில் நின்று காற்றை அளக்காதீர்கள்

போர்ட் பிலிப் விரிகுடாவில் வாடகைப் படகில் மீன்பிடி: வாசகர் கேள்வி – பதில்

மெல்பனில் அக்டோபர் பிறந்தால் தண்ணீர் மெல்லச் சூடேறும், ஸ்னாப்பர் மீன் கூட்டம் விரிகுடாவுக்குள் வரும். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மெல்பன் கோப்பை விடுமுறையை ஒட்டி, வாடகைப் படகுகளில் இடம் கிடைப்பதே கடினம். அந்தப் பருவத்தில்தான் இங்கே வானிலையும் ஒரே நாளில் மூன்று முறை மாறும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் செயின்ட் கில்டாவிலிருந்து ஒரு நாள் படகு எடுத்திருக்கிறோம். முன்னறிவிப்பில் “வடக்குக் காற்று 15 முதல் 20 நாட், பிற்பகல் தென்மேற்குக்கு மாறும், வெயில் 33 பாகை” என்று வந்தால் போகலாமா, கூடாதா?
– வாசகர், கிளேட்டன்

பதில்: நாட் என்பது காற்று வேகத்தின் அளவு, ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆனால் வேகத்தைப் பார்க்கும் முன் திசையைப் பாருங்கள். திசையைப் பார்த்ததும், நீங்கள் ஏறும் கரை விரிகுடாவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முன்னறிவிப்புக்குப் பொருள் வரும்.

செயின்ட் கில்டா விரிகுடாவின் வடக்கு முனையில் இருக்கிறது. வடக்குக் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கட்டடங்களும் மரங்களும் அதை மறைத்துவிடுவதால் காலை ஆறு மணிக்கு இறங்குதுறையில் நின்று பார்த்தால் தண்ணீர் குளம் போலக் கிடக்கும். அதைப் பார்த்து “இன்று அருமையான நாள்” என்று முடிவு செய்வதுதான் தவறு. அதே காற்று திறந்த நீரில் 40 கிலோமீட்டர் ஓடித் தெற்கே மார்னிங்டன் பக்கம் போய்ச் சேரும்போது சுமார் ஒரு மீட்டர் அலையை எழுப்பியிருக்கும். ஒரு மீட்டர் என்பது பெருங்கடலில் பெரிய விஷயமில்லை, அங்கே அலைக்கும் அலைக்கும் இடையே 10, 12 நொடி இடைவெளி இருக்கும். இங்கே 4, 5 நொடிதான். படகின் முகப்பு ஓர் அலையிலிருந்து இறங்கி முடிக்கும் முன் அடுத்த அலை வந்து மோதும். விரிகுடாவின் பரப்பு சுமார் 1,930 சதுர கிலோமீட்டர். ஆனால் ஆழமான இடத்திலும் 24 மீட்டர்தான், ஏறத்தாழ பாதிப் பரப்பில் 8 மீட்டர்கூட இல்லை. இந்த ஆழமில்லாத நீரில் எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும்.

போகும்போது காற்று முதுகில் தள்ளும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டும். போக 40 நிமிடம் ஆன தூரம் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகலாம், முன்பக்கம் உட்கார்ந்தவர் முழுக்க நனைவார். நாளின் கணக்கைத் திரும்பும் பயணத்தை வைத்தே போட வேண்டும்.

அடுத்தது அந்தப் பிற்பகல் மாற்றம். மேற்கிலிருந்து குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வரும்போது வெப்பமான வடக்குக் காற்று நின்று, தென்மேற்குக் காற்று சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். வெப்பம் அரை மணி நேரத்தில் 10 பாகைக்கு மேல் இறங்குவதும் உண்டு. காலையில் மறைவாக இருந்த வடகிழக்குக் கரை, அதாவது செயின்ட் கில்டா முதல் மார்டியாலாக் வரை, இப்போது அலையை நேராக வாங்கும் கரையாகிவிடும்.

முன்னறிவிப்பு எண்களை எப்படிப் படிப்பது? ஆஸ்திரேலிய வானிலை மையம் சொல்வது சராசரி வேகம். வீச்சு, அதாவது திடீரென்று வலுத்து அடிக்கும் காற்று, அதைவிட 40 விழுக்காடு வரை கூடலாம் என்று அவர்களே ஒவ்வொரு அறிவிப்பிலும் எழுதுகிறார்கள். ஆகவே 20 நாட் என்றால் 28 நாட் வீச்சுக்குத் தயாராக இருக்க வேண்டும். அலை உயரமும் அப்படித்தான், தனி அலை ஒன்று சொன்னதைப் போல இரு மடங்கு வரலாம். 26 நாட்டிலிருந்து பலத்த காற்று எச்சரிக்கை, 34 நாட்டிலிருந்து புயற்காற்று எச்சரிக்கை. இன்னொன்று: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14 நாட்டிலிருந்து 20 நாட்டுக்குப் போனால் “ஆறுதானே கூடியது” என்று தோன்றும். விசை இரு மடங்காகியிருக்கும்.

உங்கள் நாளுக்குப் பதில்: முழு நாளை அரை நாளாக்கக் கேளுங்கள். விடியலில் கிளம்பி, மாற்றம் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையேறுவது போல வைத்துக்கொள்ளுங்கள். படகின் கேப்டன், வடமேற்குக் கரையில் உள்ள வெரிபி சவுத்திலிருந்து கிளம்பலாம் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். வடக்குக் காற்றுக்கும் மேற்குக் காற்றுக்கும் அந்தக் கரையில் மறைவு அதிகம். வடமேற்குக் காற்றில் மார்னிங்டன் வேண்டாம். கிழக்குக் காற்று நாளில் அதே மார்னிங்டனும் பேட்டர்சன் ஆற்று முகத்துவாரமும் நல்ல இடங்கள். தெற்குக் காற்றில் போர்ட்டார்லிங்டனைப் பெல்லரைன் நிலம் மறைத்து நிற்கும்.

மாற்றம் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கைபேசியிலேயே தொடரலாம். வானிலை மையத்தின் நேரடி அளவீடுகளில் மாற்றம் வரும் வரிசையிலேயே பாருங்கள்: முதலில் கேப் ஆட்வே, பிறகு ஏரிஸ் இன்லெட், பிறகு பாயின்ட் வில்சன், கடைசியாக விரிகுடாவின் வடக்கே ஃபாக்னர் பீக்கன். கேப் ஆட்வேயில் காற்றின் திசை வடக்கிலிருந்து தென்மேற்குக்குத் திரும்பி வெப்பம் விழுந்துவிட்டதென்றால் உங்களிடம் சில மணி நேரம் இருக்கிறது. ஏரிஸ் இன்லெட்டும் திரும்பிவிட்டால் தூண்டிலைச் சுருட்டும் நேரம். மேற்கு வானில் தாழ்வான, உருளை போன்ற மேக வரிசை தெரிந்தால் அளவீட்டைப் பார்க்கவும் நேரம் செலவிட வேண்டாம்.

கேள்வி: காலை எட்டு மணி வரை கடல் அசையவில்லை. பத்தரைக்குக் கேப்டன் திடீரென்று நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். ஆறே மீன்தான். கரைக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காற்றே வந்தது. பணம் திருப்பித் தரவில்லை. இது நியாயமா?
– வாசகர், டான்டெனாங்

பதில்: நீங்கள் கரையேறிய பிறகு காற்று வந்தது என்றால் அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார் என்று பொருள். காற்று வந்தபின் நங்கூரம் தூக்குவது தாமதம். கடலில் இருக்கும்போது படகின் பொறுப்பு முழுக்கக் கேப்டனுடையது. கரைக்குத் திரும்புவதைப் பயணிகளின் வாக்குக்கு விடும் கேப்டனிடம் மறுபடி போக வேண்டாம் என்றே சொல்வோம்.

பணம் தனிக் கேள்வி. அதை முன்பதிவின்போதே பேசி, எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். கேட்க வேண்டியவை: கிளம்பும் முன் கேப்டன் ரத்து செய்தால் முழுப் பணமா, வேறு நாளா? பாதியில் திரும்பினால் என்ன கணக்கு? ரத்து முடிவை முந்தின நாள் எத்தனை மணிக்குச் சொல்வார்கள்? ஆள் குறைந்தால் பயணம் உண்டா? இரை, தூண்டில், பனிக்கட்டி, மீனைச் சுத்தம் செய்வது எல்லாம் கட்டணத்தில் சேர்த்தியா? மீன்பிடி உரிமம் ஒவ்வொருவரும் தனியாக வாங்க வேண்டுமா? “வானிலை மோசமானால் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். எத்தனை நாட் காற்றுக்கு மேல் போகமாட்டார்கள் என்று எண்ணாகக் கேளுங்கள். தயங்காமல் எண் சொல்பவர் யோசித்து வைத்திருப்பவர்.

கேள்வி: ஒரே படகு, ஒரே இரை. பக்கத்தில் இருந்தவருக்கு நான்கு ஸ்னாப்பர், எனக்கு ஒன்றுமில்லை. என் நூல் மட்டும் முறுக்கிக்கொண்டே வந்தது. மீன் இழுத்தபோது வெட்டி இழுத்தேன், ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டது. எங்கே தவறு?
– வாசகர், பாயின்ட் குக்

பதில்: இரண்டு தவறுகள். இரண்டும் திருத்தக்கூடியவை.

முதலாவது, இரை சுழன்றிருக்கிறது. இரையை முள்ளில் வளைத்துக் கோத்தால் அது நீரோட்டத்தில் காற்றாடி போலச் சுழலும், நூலும் கூடவே முறுக்கும். சுழலும் இரையை ஸ்னாப்பர் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வாடகைப் படகுகளில் வழக்கமாகக் கொடுப்பது இரண்டு முள் கட்டு: 5/0 அளவு முள் இரண்டு, 60 முதல் 80 சென்டிமீட்டர் தலைநூல், சுமார் 18 கிலோ தாங்கும் தங்கூசி. அதற்கு மேலே ஒரு சுழலி, சுழலிக்கு மேலே தாய்நூலில் ஓடும் ஈயக்குண்டு. மத்தியைக் கோக்கும்போது மேல் முள்ளை வாலின் தண்டில் குத்தி வெளியே எடுங்கள். கீழ் முள்ளை விலாவில், செவுளுக்குக் கொஞ்சம் பின்னால் குத்துங்கள். இரண்டு முள்ளுக்கும் இடையே மீன் நேராக நீண்டு கிடக்க வேண்டும். வாலைச் சுற்றி நூலில் ஒரு முடிச்சு போட்டால் எறியும்போது நழுவாது. வால் துடுப்பை வெட்டிவிடுங்கள், சுழல்வது பாதி குறையும். இரையாகத் தரும் வெள்ளைக் கிழங்கானுக்கும் இதே முறைதான். கணவாய் என்றால் 10 சென்டிமீட்டர் நீளம், ஒரு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, ஒரு நுனியில் மட்டும் ஒரே குத்தாகக் குத்துங்கள். கோத்ததும் படகோரத் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். சுழன்றால் மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். முள்ளின் கூர்முனை சதைக்குள் புதையாமல் வெளியே தெரிய வேண்டும்.

ஈயம் எவ்வளவு? குறைவாக. விரிகுடா நடுவில் நீரோட்டம் மெல்லியது, ஈயமே இல்லாமல் அல்லது 14 கிராம் போதும். இரை தானாக விழுவது போல மெல்ல இறங்க வேண்டும். தெற்கே விரிகுடாவின் வாய்க்கு அருகே போகப் போக ஈயம் கூடும்.

இரண்டாவது, நீங்கள் வெட்டி இழுத்தது. இப்போது பல படகுகளில் வளைமுள் தருகிறார்கள். அதன் நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். மீன் இரையை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி நீந்தும்போது முள் வாயோரத்துக்கு வழுக்கி வந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். நீங்கள் வெட்டி இழுத்தால் பூட்டும் முன்பே வாயிலிருந்து வெளியே வந்துவிடும். தூண்டில்கோலைத் தாங்கியிலேயே விடுங்கள். நுனி இரண்டு மூன்று முறை துடிக்கும், கை பரபரக்கும், தொடாதீர்கள். கோல் வளைந்து அப்படியே நிற்கும்போது எடுத்து, உருளையைச் சுற்றிக்கொண்டே நிமிர்த்துங்கள்.

உருளையின் பிடிப்பு, அதாவது நூலை ஓடவிடாமல் இறுக்கும் விசை, நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 7 கிலோ நூலுக்கு 2 கிலோ போதும். சாதாரணத் தொங்கு தராசை நூல் நுனியில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். பெரிய மீன் ஓடும்போது பயந்து பிடிப்பை இறுக்குவதுதான் நூல் அறுபடப் பெருங்காரணம். ஓடட்டும், நின்றதும் சுற்றுங்கள்.

கேள்வி: காற்று நன்றாக வீசியபோது எல்லோர் நூலும் நேராக நின்றது. காற்று நின்றதும் பத்து நூலும் ஒரே சிக்கல். ஏன்?
– வாசகி, கிளென் வேவர்லி

பதில்: நங்கூரத்தில் நிற்கும் படகைக் காற்றும் நீரோட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. காற்று பலமாக இருக்கும்வரை படகின் முகப்பு காற்றைப் பார்த்து நிற்கும், நூல்கள் பின்பக்கம் விசிறி போல விரியும். காற்று விழுந்ததும் நீரோட்டத்தின் கை ஓங்கும். படகு திரும்பும், ஆனால் தண்ணீரில் கிடக்கும் நூல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். படகு அவற்றின் மேலேயே ஏறி நிற்கும்.

எனவே காற்று திடீரென்று நின்றால் முதல் வேலை, எல்லோரும் நூலைச் சுருட்டுவது. படகு புதிய நிலையில் அடங்கியதும் மறுபடி போடலாம். வடக்குக் காற்று நாளில் இப்படி நின்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பல நேரம் அது மாற்றத்துக்கு முந்தின அமைதி. காற்று எதிர்த்திசையில் பிடித்தால் நங்கூரமும் எதிர்ப்பக்கம் இழுபட்டுப் பிடி விடலாம். 18 மீட்டர் ஆழத்தில் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, அதாவது 90 மீட்டர் கயிறு விட்டிருப்பார்கள். அவ்வளவு கயிறும் திரும்ப இடம் வேண்டும். கேப்டன் நங்கூரத்தை எடுத்து மறுபடி போடுவது இதனால்தான். அந்த நேரத்தில் முகப்புப் பக்கம் போகாதீர்கள், கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

தூவும் இரை விஷயத்திலும் இதே கணக்கு உண்டு. மீனைக் கூப்பிட மத்தித் துண்டுகளைத் தூவும்போது அவை நீரோட்டத்தோடு போகும், படகோ காற்றோடு நிற்கும். துண்டுகள் போகும் பக்கம் பார்த்து எறியுங்கள், படகின் பின்பக்கம் என்ற பழக்கத்தில் எறியாதீர்கள். கட்டைவிரல் நக அளவுத் துண்டுகள், சில நிமிடத்துக்கு ஒரு கைப்பிடி. வாளியோடு கொட்டினால் மீன் வயிறு நிறைந்து உங்கள் இரையைத் தொடாது.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 68 வயது. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறார். படகில் வர ஆசைப்படுகிறார். தலைசுற்றல் மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, வெரிபி

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் பயண மாத்திரைகள் பலவற்றில் ஹையோசின் என்ற மருந்து இருக்கிறது. குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது, முதியவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரவும் செய்யலாம். தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரைகளிலும் இதே சிக்கல் உண்டு. அம்மாவின் மருந்துப் பட்டியலோடு மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்கள் மாத்திரை எடுப்பதானால் படகு கிளம்பும் முன் எடுக்க வேண்டும், குமட்டல் தொடங்கியபின் பெரிதாக உதவாது.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. வெறும் வயிறு வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி சரி. படகின் நடுவிலிருந்து பின்பக்கம் வரை ஆட்டம் குறைவு, ஆனால் எஞ்சின் புகை வராத பக்கமாக உட்கார வையுங்கள். அறைக்குள் போய்ப் படுப்பதும் கைபேசியைக் குனிந்து பார்ப்பதும் குமட்டலைக் கூட்டும். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். நங்கூரத்தில் நிற்கும்போதுதான் பலருக்கும் தொடங்கும், ஓடும் படகில் அல்ல. ஆகவே அம்மாவுக்காக 10 நாட்டுக்குக் குறைவான காற்று வீசும் நாளும், நான்கு மணி நேரப் பயணமும் தேர்ந்தெடுங்கள்.

உடை: பருத்தி நனைந்தால் குளிரும், ஜீன்ஸ் அதைவிட மோசம். நவம்பரில் விரிகுடாத் தண்ணீர் 16, 17 பாகைதான். கரையில் 30 பாகை அடித்தாலும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் ஒன்றும் காற்றுப்புகாத மழைச்சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் உண்டு, தொப்பியும் வெயில்காப்புக் களிம்பும் அவசியம்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா இல்லை, மூக்கொழுகல் மட்டும் அக்டோபர், நவம்பரில் கடுமையாக வரும். கடல் காற்று நல்லதுதானே?
– வாசகர், சன்ஷைன்

பதில்: பெரும்பாலான நாள்களில் நல்லதுதான். ஆனால் ஒரு வகை நாள் உங்களுக்கு ஆபத்தானது. 2016 நவம்பர் 21 அன்று வெப்பமான வடக்குக் காற்று நாளின் முடிவில் மாற்றத்தோடு இடியும் வந்தது. புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகளாகிக் காற்றோடு கீழே இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்குப் போனார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. உங்களைப் போல மூக்கொழுகல் மட்டும் இருந்தவர்கள் அவர்கள்.

அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை இடிமழை ஆஸ்துமாவுக்கான தினசரி முன்னறிவிப்பை விக்எமர்ஜென்சி செயலியில் வெளியிடுகிறார்கள். அபாயம் அதிகம் என்று வந்தால் அன்று படகைத் தள்ளிவையுங்கள். அப்படிப்பட்ட நாளில் செய்ய வேண்டியது, இடிமழைக்கு முன் வீட்டுக்குள் போய்ச் சன்னலைச் சாத்துவது. படகில் சாத்துவதற்குச் சன்னல் கிடையாது. மற்ற நாள்களிலும் நீலநிற நிவாரணி மூச்சிழுப்பானையும் அதற்கான குழாயையும் நீர்புகாப் பையில் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சு முட்டினால் நான்கு அழுத்து, ஒவ்வொரு அழுத்துக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் காத்திருப்பு. குறையாவிட்டால் மறுபடி நான்கு அழுத்து, உடனே அவசர எண் 000. அதே நொடியில் கேப்டனிடம் சொல்லுங்கள், அவர் கரைக்குத் திருப்ப வேண்டும்.

மின்னல் பற்றியும் ஒரு சொல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கார்பன் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும். நிமிர்ந்து நிற்கும் கோல்களையெல்லாம் கீழே படுக்க வையுங்கள்.

கேள்வி: எத்தனை மீன் எடுக்கலாம்? ஸ்னாப்பர் என்பது நம்மூர் சங்கராவா?
– வாசகர், கிரேகிபர்ன்

பதில்: பெயரில் ஸ்னாப்பர் என்றாலும் சங்கரா குடும்பம் இல்லை, இது கடல் ப்ரீம் குடும்பம். குறைந்தது 28 சென்டிமீட்டர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10, அவற்றில் 40 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை மூன்று மட்டுமே. அந்த மூன்று என்ற வரம்பு முக்கியம். மேற்கு விக்டோரியாவின் ஸ்னாப்பருக்கு இந்த விரிகுடாதான் முதன்மையான இனப்பெருக்கக் களம், முட்டையிட வருபவை பெரிய மீன்கள். கிங் ஜார்ஜ் வைட்டிங் நம் கிழங்கானின் உறவு: 27 சென்டிமீட்டர், 20 மீன். கணவாய் 10. விதிகள் திருத்தப்படுவதால் கிளம்பும் முன் விக்டோரிய மீன்வள ஆணையத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீனைப் படகிலேயே துண்டு போடக் கூடாது, குடலும் செதிலும் மட்டும் எடுக்கலாம்.

படகின் அளவுப் பலகையில் வாயை மூடிப் படுக்க வைத்து அளக்க வேண்டும். உடல் வளைவின் மேல் நாடா வைத்து அளந்தால் இல்லாத ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். சின்ன மீனை ஈரக் கையால் பிடித்து விடுங்கள், உலர்ந்த கை அதன் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். பேத்தை மீன் நிறையக் கடிக்கும். நம்மூரில் போலவே இங்கேயும் அது நஞ்சு, பூனைக்குக்கூடப் போடாதீர்கள்.

கேள்வி: எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?
– வாசகர், டார்நெய்ட்

பதில்: போகலாம், அவன் எடைக்கேற்ற உயிர்காப்புச் சட்டை இருந்தால். முந்தின நாளே படகில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டுவிட்டு இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். சட்டை தாடையைத் தாண்டி ஏறினால் பெரிது. தொடையிடுக்குப் பட்டையும் பூட்டியிருக்க வேண்டும். நங்கூரத்தில் நிற்கும்போதும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: குவீன்ஸ்க்லிஃப்பிலிருந்து வெளிக்கடலுக்குப் போகும் படகுகள் “ரிப்” எனும் விரிகுடா வாய் வழியாகப் போகின்றன. கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் போனால் அமைதியாக இருக்குமா?
– வாசகர், ஜீலாங்

பதில்: இருக்காது. பலரும் தடுமாறுவது இங்கேதான். பாயின்ட் லான்ஸ்டேலுக்கும் பாயின்ட் நெப்பியனுக்கும் இடையே உள்ள அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் முழு விரிகுடாவும் நிரம்பி வடிய வேண்டும். வெளியே கடல் உச்ச ஏற்றத்தைத் தொட்ட பிறகும் உள்ளே நீர்மட்டம் தாழ்வாகவே இருக்கும், அதனால் தண்ணீர் தொடர்ந்து உள்ளே பாயும். நீரோட்டம் அடங்குவது ஏற்ற உச்சத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் கழித்து. அட்டவணையில் கடல் ஏற்றத்தின் நேரத்தைப் பார்க்காமல், நீரோட்டம் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். வடியும் நீரோட்டம் 6 நாட் வேகத்தில் வெளியே பாயும்போது எதிரே தென்மேற்கு அலை வந்தால், அலைகள் நகராமல் சுவர் போல எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் எந்தக் கேப்டனையும் “போகலாமே” என்று வற்புறுத்தாதீர்கள். முதல்முறை போகிறவர்களுக்கு விரிகுடாவுக்குள்ளேயே போதுமான மீன் இருக்கிறது.

கேள்வி: பிடித்த மீன் வீட்டுக்கு வரும்போது சதை குழைந்துவிடுகிறது. குழம்பில் கரைகிறது.
– வாசகி, மார்டியாலாக்

பதில்: வெறும் பனிக்கட்டி மேல் மீனை அடுக்கியிருப்பீர்கள். கட்டி தொடும் இடம் மட்டும் குளிரும். இரண்டு பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கடல்நீர் ஊற்றிக் கூழாக்கி, மீன் முழுக அதில் போடுங்கள். உப்பு இருப்பதால் அது பூச்சியப் பாகைக்கும் கீழே போய் மீனை எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குளிர்விக்கும். அதற்கு முன் மூளையில் குத்திக் கொல்லப் படகு உதவியாளரிடம் சொல்லுங்கள், செவுளடியில் வெட்டி இரத்தத்தை வடியவிடுங்கள். துடித்துச் செத்த மீன் சூடேறி, சதை சீக்கிரம் குழையும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கழுவித் துடைத்து, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். ஒன்றரை, இரண்டு கிலோ மீன் குழம்புக்கு ஏற்றது. மறுநாள் துண்டு போட்டு, புளி கொதித்து எண்ணெய் பிரிந்தபின் போட்டு, எட்டு நிமிடத்தில் இறக்குங்கள். தலையைத் தனியாக எடுத்து வையுங்கள், ஸ்னாப்பரில் கன்னச் சதைதான் மிக ருசி.